நாவல் எழுத ‘பேப்பர்’ போடலாமா... கணக்கு என்ன சொல்லுது?

போன மாசம் ஒரு வியாழக்கிழமை, ராத்திரி 11.40 மணி. ஷிஃப்ட் முடிஞ்சு கேப்புக்காக ஆபீஸ் வாசலில் நின்னுட்டிருந்தேன். வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. அனுப்பினது என் பள்ளித் தோழி. சிறுசேரியில் ஒரு ஐ.டி நிறுவனத்தில் நாலரை வருஷமா வேலை பார்க்கிறாள்.

ஸ்கிரீன்ஷாட்டில் இருந்தது ராஜினாமா மெயில். அனுப்பல, டிராஃப்ட்டில் இருக்கு. கீழே ரெண்டு வரி: “பேப்பர் போட்டுடலாம்னு இருக்கேன்டி. நாவலை முடிக்கணும். நீ என்ன சொல்ற?”

குமாரபாளையத்தில் விசைத்தறி ஓடுற ஒரு தெரு, அந்தத் தெருவில் மூணு தலைமுறைப் பெண்கள். அதுதான் அவளோட நாவல். ஏழு அத்தியாயம் எழுதியிருக்கா. நான் படிச்சிருக்கேன். நல்லா இருக்கு. தோழிங்கிறதுக்காகச் சொல்லல, நிஜமாவே நல்லா இருக்கு. அதனாலதான் பதில் சொல்லக் கஷ்டமா இருந்தது.

‘வாழ்த்துகள்’ ஸ்டிக்கர் அனுப்பத்தான் முதல்ல கை போச்சு. அனுப்பல. “நாளைக்குப் பேசறேன், அதுவரைக்கும் சென்ட் அழுத்தாதே” என்று மட்டும் போட்டேன். மறுநாள் உட்கார்ந்து நான் தேடினதும் கணக்குப் போட்டதும்தான் இந்தக் கட்டுரை.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். நாவலுக்காக வேலையை விடறது தப்பே இல்ல. ஆனா, முதல் வரைவு முடியறதுக்கு முன்னாடி விடறது நம்மில் பெரும்பாலானவங்களுக்கு அந்த நாவலுக்கே கெடுதல்.

விட்டவங்க எப்போ விட்டாங்க?

‘கார்ப்பரேட் வேலையை உதறிவிட்டு எழுத்தாளர் ஆனார்!’ இந்த மாதிரித் தலைப்பை நானே பல தடவை வெச்சிருக்கேன். நல்லா கிளிக் வரும். பிரச்னை என்னன்னா, அந்த ஒரு வரி தேதிகளை மறைச்சிடும்.

சேத்தன் பகத்தை எடுத்துக்கோங்க. ஐ.ஐ.டி, ஐ.ஐ.எம் படிச்சவர், ஹாங்காங்கில் முதலீட்டு வங்கி வேலை. முதல் நாவல் வெளியானது 2004. வேலையை விட்டது 2009. நடுவில் அஞ்சு வருஷம். அதுக்குள்ள அவரோட மூணு நாவல்கள் வந்து, நாடு முழுக்க விற்றுத் தீர்ந்திருந்தன.

அடுத்து அமீஷ் திரிபாதி. கொல்கத்தா ஐ.ஐ.எம்-ல் படிச்சவர், நிதித்துறையில் 14 வருஷம் வேலை பார்த்தவர். ‘மெலூஹா’ நாவல் 2010-ல் வந்தது. அவர் வேலையை விட்டது 2011-ல். ராயல்டி காசோலை சம்பளத்தைத் தாண்டின பிறகுதான் விட்டதா அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கார்.

அதாவது, இவங்க ரெண்டு பேரும் ‘எழுதறதுக்காக’ வேலையை விடல. எழுதி, விற்று, அதுக்கப்புறம் விட்டாங்க. நாம படிக்கும்போது மட்டும் அந்த வரிசை தலைகீழா மாறிடுது.

தமிழுக்கு வருவோம். சுஜாதா பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளரா இருந்துக்கிட்டேதான் அத்தனை தொடர்கதைகளையும் எழுதினார். மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்திலும் அவருக்குப் பங்கு உண்டு. தி.ஜானகிராமன் அகில இந்திய வானொலியில் இருந்தார். 2010-ல் சாகித்ய அகாடமி விருது வாங்கின நாஞ்சில் நாடன், தனியார் நிறுவன விற்பனைப் பிரிவில் ஊர் ஊராகச் சுற்றியவர். இமையம், பள்ளி ஆசிரியரா வேலை பார்த்தவர். தமிழ் நாவலின் பெரும்பகுதி, மாசச் சம்பளக்காரங்க ராத்திரியிலும் விடியற்காலையிலும் எழுதினதுதான்.

துணிஞ்சு விட்டவரும் இருக்கார். அசோகமித்திரன் 1952-லிருந்து 1966 வரை ஜெமினி ஸ்டூடியோவில் வேலை பார்த்தார். அப்புறம் விட்டுட்டு முழுநேர எழுத்தாளர் ஆனார். பணத்தில் சௌகரியமான வாழ்க்கை இல்ல அது. தமிழோடு ஆங்கிலத்திலும் எழுதினார், ‘கணையாழி’ இதழில் ஆசிரியர் குழுவில் பல வருஷம் உழைத்தார். சாகித்ய அகாடமி விருது 1996-ல் வந்தது. ஜெமினியை விட்டு 30 வருஷம் கழிச்சு.

அவர்கிட்ட கவனிக்க இன்னொண்ணும் இருக்கு. ஸ்டூடியோ வேலையை விட்ட பிறகு அவர் எழுதின ‘கரைந்த நிழல்கள்’, சினிமாத் தொழிலைப் பற்றிய நாவல். அந்த 14 வருஷம் அவர் நேரத்தைத் தின்னுச்சு, சரி. அந்த நாவலைக் கொடுத்ததும் அதே 14 வருஷம்தான்.

1,000 பிரதி வித்தா எவ்வளவு வரும்?

இப்போ நேரடியா பணத்துக்கு வருவோம்.

உங்க நாவலோட விலை 350 ரூபாய்னு வெச்சுப்போம். தமிழில் வழக்கமா பேசப்படும் ராயல்டி 10 சதவீதம். ஒரு பிரதிக்கு 35 ரூபாய். 1,000 பிரதி வித்தா 35,000 ரூபாய். புது எழுத்தாளரோட முதல் நாவல் 1,000 பிரதி விக்கறது தமிழில் பெரிய வெற்றி.

அந்த நாவலை எழுத, திருத்த உங்களுக்கு ரெண்டு வருஷம் ஆச்சுன்னா, மாசத்துக்கு 1,458 ரூபாய். சென்னையில் பி.ஜி-யில் அந்தக் காசுக்குச் சில நாள்தான் தங்க முடியும்.

திருப்பிப் போட்டுப் பாருங்க. மாசம் 40,000 ரூபாய் வேணும்னா, 24 மாசத்துக்கு 9.6 லட்சம். அதுக்கு ஒரே நாவல் 27,000 பிரதிக்கு மேல விக்கணும்.

விருது? சாகித்ய அகாடமி விருதுத் தொகை 1 லட்சம். 35 வயசுக்குள்ள இருக்கிறவங்களுக்கான யுவ புரஸ்கார் 50,000 ரூபாய். வருஷத்துக்கு ஒரு மொழியில் ஒருத்தருக்கு. அதை நம்பி இ.எம்.ஐ கட்ட முடியாது. நாவல் எழுதறதுக்கு முன்பணம் கொடுக்கிற வழக்கமும் தமிழ்ப் பதிப்புத் துறையில் அரிது.

ஒரு ஆறுதல் இருக்கு. பழைய வருமான வரி முறையைத் தேர்வு செய்தா, நூல் ராயல்டியில் 3 லட்சம் ரூபாய் வரைக்கும் நிபந்தனைகளோட வரிக்கழிவு கிடைக்கும். இதைச் சொன்னப்போ தோழி சிரிச்சா. “அந்த 3 லட்சத்தைக் கண்ணால பார்க்கறதுக்கே 8,500 பிரதி விக்கணும்டி!” கணக்குல அவ என்னைவிட வேகம்.

வேலையோட சேர்ந்து என்னென்ன போகும்?

சம்பளம் போகும்னு எல்லாருக்கும் தெரியும். கூடவே போறதுதான் கண்ணுக்குத் தெரியாது.

முதல்ல மருத்துவக் காப்பீடு. கம்பெனி குரூப் இன்ஷூரன்ஸ் வேலையோட முடிஞ்சிடும். உங்க அப்பா, அம்மா அதில் இருந்தா அவங்களுக்கும் சேர்த்துத்தான். புதுசா தனி பாலிசி எடுத்தா, ஏற்கெனவே இருக்கிற சர்க்கரை, பிரஷர் மாதிரி நோய்களுக்கு 3 வருஷம் வரைக்கும் காத்திருப்புக் காலம் இருக்கலாம். குரூப் பாலிசியிலிருந்து தனிநபர் பாலிசிக்கு மாற வழி உண்டு. அதை வேலையை விடறதுக்கு முன்னாடியே ஹெச்.ஆர்-கிட்டயும் காப்பீட்டு நிறுவனத்துகிட்டயும் கேட்கணும்.

ரெண்டாவது, கிராஜுவிட்டி. நிரந்தரப் பணியில் இருக்கிறவங்களுக்குப் பொதுவா 5 வருஷத் தொடர் பணி வேணும். என் தோழி நாலரை வருஷத்தில் நிக்கிறா. அந்த மெயிலை ஆறு மாசம் கழிச்சு அனுப்பினா, சில மாச வாடகை கையில் இருக்கும்.

மூணாவது, பி.எஃப்-போட சேர்ந்த ஓய்வூதியத் திட்டம். மாசாந்திர பென்ஷன் தகுதிக்கு 10 வருஷ சர்வீஸ் வேணும். நாலாவது, கடன். மூணு மாச சம்பள ஸ்லிப் இல்லாம லோன், கிரெடிட் கார்டு கேட்டுப் பாருங்க, புரியும்.

நேரம் கிடைச்சா எழுதிடுவோமா?

“பணம் கிடக்கட்டும்டி, எனக்கு நேரம் வேணும்” என்றாள். நியாயம்தான். காலையில் கேப், ராத்திரி அமெரிக்க கிளையன்ட் கால், சனிக்கிழமை ‘ரிலீஸ்’. இதில் தறிச் சத்தத்தை எங்கேயிருந்து கேட்கறது?

நேரத்தோட மதிப்புக்கு நல்ல உதாரணம், அமெரிக்க எழுத்தாளர் ஹார்ப்பர் லீ. நியூயார்க்கில் விமான டிக்கெட் முன்பதிவு வேலை. 1956 கிறிஸ்துமஸுக்கு அவரோட நண்பர்களான ஒரு தம்பதி கொடுத்த பரிசு, ஒரு வருஷச் சம்பளத்துக்கு ஈடான பணம். ‘வேலையை விட்டுட்டு எழுது’ங்கிறதுதான் அதோட அர்த்தம். அப்படி எழுதின கதைதான், எடிட்டரோட சேர்ந்து திரும்பத் திரும்பத் திருத்தி எழுதப்பட்டு, ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ நாவலா வந்தது. வெளியானது 1960-ல்.

இந்தக் கதையை ‘பாத்தியா, விட்டதாலதான் எழுத முடிஞ்சது’ என்று படிக்கலாம். அது உண்மைதான். ஆனா ரெண்டு விஷயத்தையும் சேர்த்துப் படிக்கணும். அவருக்கு அந்த வருஷத்துக்கான பணம் முன்னாடியே கையில் இருந்தது. அப்புறம், ஒரு வருஷம்னு நினைச்சது புத்தகமா வர மூணு வருஷத்துக்கு மேல ஆச்சு.

இன்னொரு கணக்கு. 60,000 சொல் இருக்கிற நாவல்னு வெச்சுப்போம். ஒரு நாளைக்கு 300 சொல், வாரத்துக்கு அஞ்சு நாள் எழுதினா 40 வாரம். பத்து மாசத்துக்குள்ள முதல் வரைவு கையில். 300 சொல்ங்கிறது பெருசில்ல. ஆபீஸில் நாம ஒரு நாளைக்கு டைப் பண்ற மெயிலும் சாட்டும் அதைவிட அதிகம்.

இதை எழுதும்போது எனக்கே கூச்சமா இருக்கு. என் கூகுள் டாக்ஸில் ஒரு நாவல் ரெண்டு வருஷமா நாலாவது அத்தியாயத்தில் நிக்குது. போன வருஷம் எனக்கு 12 நாள் தொடர்ச்சியா லீவு கிடைச்சது. ஒரு பக்கம்கூட எழுதல. நேரம் இல்லாததுதான் பிரச்னைன்னு அதுவரைக்கும் நம்பிட்டிருந்தேன். பழக்கம் இல்லாததுதான் பிரச்னை. பழக்கம் இல்லாம வேலையை விட்டா, அந்த 12 நாள் 12 மாசமா ஆகும், அவ்வளவுதான்.

பொண்ணுங்களுக்கு இது வேற கணக்கு

இதுவரைக்கும் சொன்னது பையன்களுக்கும் பொருந்தும். இனி சொல்றதை எந்த ‘வேலையை விடு, கனவைத் துரத்து’ வீடியோவும் சொல்லாது.

என் தோழிக்கு வயசு 26. ஈரோட்டில் அவ வீட்டில் ரெண்டு வருஷமா வரன் பேச்சு ஓடுது. ‘வேலை இருக்கும்மா, இப்போ வேணாம்’ என்று சொல்லித்தான் தள்ளிப்போட்டுட்டு வர்றா. நாளைக்கு வேலை இல்லேன்னா அந்த ஒரு பதிலும் இல்ல. சென்னையில் தங்கறதுக்கான காரணமும் இல்ல. “வீட்டுக்கு வந்து எழுது கண்ணு, யாரு வேணாங்கறா?” என்று அம்மா அன்பாத்தான் கூப்பிடுவாங்க. அங்கே போனா, காலையில் சமையல், விருந்தாளிக்குக் காபி, பெரியம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறது எல்லாம் ‘சும்மாதானே இருக்கே’ங்கிற கணக்கில் வந்து சேரும்.

ஒரு ஆண் வேலையை விட்டா ‘வெட்டியா சுத்துறான்’ என்று பேச்சு வாங்குவான். வலிக்கும், இல்லைன்னு சொல்லல. ஆனா பொண்ணு வேலையை விட்டா, அவளோட நேரம் தானா வீட்டுக்குச் சொந்தமாகிடும். அவ சம்பளம் வாங்கறது வெறும் பணம் இல்ல, சாத்திக்க ஒரு கதவு. அதனால, தனக்குன்னு ஒரு அறை, கொஞ்ச மாசத்துக்கு வாடகை, வீட்டில் ஒருத்தராவது ‘எழுதட்டும்’ என்று சொல்ற ஆள், இந்த மூணும் இல்லாம ஒரு பொண்ணுகிட்ட ‘துணிஞ்சு விடு’ என்று சொல்றது அறிவுரை இல்ல. அவ கணக்கில் நாம ஆடற சூதாட்டம்.

அப்போ என்னதான் பண்றது?

‘ரிட்டயர் ஆன பிறகு எழுதிக்கலாம்’ என்று சொல்றவங்க பக்கம் நான் இல்ல. அப்படித் தள்ளிப்போட்ட நாவல்கள் பல, எழுதப்படாமலேயே ஆளோட சேர்ந்து போயிடுது. பாதுகாப்பா இருக்கறதுக்கும் ஒரு விலை உண்டு. அதனால நான் சொல்றது இதுதான்.

வேலையில் இருக்கும்போதே முதல் வரைவை முடிங்க. எவ்வளவு மோசமா இருந்தாலும் பரவாயில்ல. அதுக்கு ஒரு தேதி வைங்க. வேலை நிஜமாவே முழுசா விழுங்குதுன்னா, முதல்ல வேலையை மாத்துங்க. சம்பளம் குறைஞ்சாலும் ராத்திரி கால் இல்லாத டீம், இல்லேன்னா சம்பளம் இல்லா விடுப்பு. வரைவு முடிஞ்சு, குறைஞ்சது 18 மாசச் செலவுக்குப் பணமும், தனி மருத்துவக் காப்பீடும் இருந்தா, அப்போ திருத்தி எழுதறதுக்காக விடுங்க. நாவலுக்கு முழு கவனம் தேவைப்படற கட்டம் பெரும்பாலும் அதுதான்.

பதிப்பகத்தோட ஒப்பந்தம் போடும்போது எழுத்தில் கேளுங்க. நம்ம காப்புரிமைச் சட்டப்படி, உரிமை எத்தனை வருஷத்துக்குன்னு ஒப்பந்தத்தில் குறிப்பிடலைன்னா அது 5 வருஷம்னுதான் கொள்ளப்படும். மொழிபெயர்ப்பு, ஆடியோ, திரைப்பட உரிமைகளைத் தனித்தனியா எழுதச் சொல்லுங்க. புத்தகம் சோறு போடலைன்னாலும், பின்னாடி இதில் ஏதாவது ஒண்ணு போடலாம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இவ்வளவையும் அவகிட்ட போன்ல சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், “பயந்துட்டேன்னு நெனைப்பியா?” என்று கேட்டா.

இல்லைன்னேன். இப்பவும் இல்லைன்னுதான் சொல்வேன். பத்து மாசம் தினமும் விடியற்காலை அஞ்சு மணிக்கு எழுந்து 300 சொல் எழுதறதுக்கு, ஒரு ராத்திரி ‘சென்ட்’ அழுத்தறதைவிட அதிக தைரியம் வேணும்.

அந்த மெயில் இன்னும் அவ டிராஃப்ட்டில்தான் இருக்கு. அழிக்கல, அழிக்கவும் வேணாம். எட்டாவது அத்தியாயம் ஞாயித்துக்கிழமை எனக்கு வந்தது. நாலாவது அத்தியாயத்தை நான் இந்த மாசக் கடைசிக்குள்ள அவளுக்கு அனுப்பணும். அதுதான் எங்களுக்குள்ள ஒப்பந்தம்.