சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலத் தெரிகிறதா? விக்கியில் நிரலின் நிறத்தை மாற்றலாம்!

சாலை சிக்னலில் மேலே எரிந்தால் சிவப்பு, கீழே எரிந்தால் பச்சை. நிறங்களைப் பிரித்தறிய முடியாதவர்கள்கூட விளக்கு இருக்கும் இடத்தை வைத்து நின்றுவிடுவார்கள். விக்கிப்பீடியாவில் இருக்கும் நிரல்களுக்கு அந்த வசதி கிடையாது. கட்டளை ஒரு நிறம், மேற்கோளுக்குள் வரும் சொல் இன்னொரு நிறம், குறிப்பு வேறொரு நிறம் என நிறத்தை நம்பியே படிக்க வேண்டும்.

வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 12 பேரில் ஒருவருக்கு சிவப்பு - பச்சை வித்தியாசம் சரியாகத் தெரியாது. பெண்களில் 200 பேரில் ஒருவருக்கு இந்தப் பிரச்னை உண்டு. அவர்களுக்கு இந்த வண்ணங்கள் உதவியாக இல்லாமல் குழப்பமாகிவிடலாம்.

நிறம் எங்கிருந்து வருகிறது?

விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி, இந்த வேலைக்கு 'பிக்மென்ட்ஸ்' என்ற பைத்தான் மென்பொருளைப் பயன்படுத்துகிறது. அது நிரலைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு ஒட்டுகிறது. கட்டளைச் சொல்லுக்கு 'கே', மேற்கோள் சொல்லுக்கு 'எஸ்', குறிப்புக்கு 'சி'. எந்தச் சீட்டுக்கு என்ன நிறம் என்பது தனியே சிஎஸ்எஸ்-ல் இருக்கிறது. அதனால் நிரலைத் தொடாமலே நிறத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

எப்படி மாற்றுவது?

கணினியில் உங்கள் கணக்கில் நுழைந்து, விருப்பத்தேர்வுகளில் 'தோற்றம்' பகுதிக்குப் போங்கள். அங்கே 'காமன்.சிஎஸ்எஸ்' என்ற உங்கள் சொந்தப் பக்கத்துக்கான இணைப்பு இருக்கும். அதில் ஒவ்வொரு சீட்டுக்கும் வேண்டிய நிறத்தை எழுதிச் சேமித்தால் போதும். மாற்றம் உங்கள் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். தளம் முழுக்க மாற்றும் உரிமை 2018 முதல் இடைமுக நிர்வாகிகளுக்கு மட்டுமே உண்டு.

பலர் தடுமாறும் இடம் ஒன்று. லுவா நிரலில் ஒரு வரிக் குறிப்புக்கு ஒட்டப்படும் சீட்டு 'சி' அல்ல, 'சி1'. இரட்டை மேற்கோளுக்கு 'எஸ்2'. இவற்றையும் சேர்த்து எழுதாவிட்டால் நிறம் மாறாது.

எந்த நிறம் நல்லது?

சிவப்பு - பச்சை ஜோடியைத் தவிர்த்துவிடுங்கள். கட்டளைக்குக் கருநீலம் (#000080), மேற்கோளுக்குச் செம்பழுப்பு (#994400) பொருத்தமாக இருக்கும். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 வேறுபாடு வேண்டும் என்கிறது சர்வதேச இணைய அணுகல் விதி. வெளிர் சாம்பல் (#999999) வெள்ளைப் பின்னணியில் 2.85 மட்டுமே. அதையே கொஞ்சம் அடர்த்தியாக்கி #666666 என்று வைத்தால் 5.74 ஆகிவிடும்.

நிறத்தோடு நின்றுவிடாமல் கட்டளையைத் தடித்த எழுத்தாகவும், குறிப்பைச் சாய்வெழுத்தாகவும் மாற்றுங்கள். சிக்னலில் விளக்கின் இடம் செய்யும் வேலையை இங்கே எழுத்தின் வடிவம் செய்யும்.

கடைசியாக ஒரு சோதனை. விண்டோஸ் கணினியின் 'கலர் ஃபில்டர்' வசதியில் கிரேஸ்கேலைத் தேர்ந்தெடுத்துத் திரையைக் கறுப்பு வெள்ளையாக்குங்கள். அப்போதும் நிரலைப் பிரித்துப் படிக்க முடிந்தால், நீங்கள் தேர்ந்தெடுத்தது சரி!