பார்க்கவும் கத்துக்குடுங்கப்பா!

ஆட்டோகேட் கத்துக்குடுக்கற இடங்கள்ல பெரும்பாலும் முதல் நாளே கோடு போடச் சொல்லிடறாங்க. அப்புறம் வட்டம், டிரிம், ஆஃப்செட், டைமன்ஷன்... போட்ட படத்துக்குள்ள எப்படி நடமாடறதுங்கறதை மட்டும் "வீலை உருட்டுப்பா"ன்னு ஒரே வரியில முடிச்சுடறாங்க. இது சரியில்லைங்கறது என் கட்சி.

நான் பொட்டி தட்டறவன்தான். கட்டட டிசைன் ஆளுங்களுக்கு ஆட்டோலிஸ்ப்ல சின்னச் சின்ன நிரல் எழுதிக் குடுக்கறது என் பொழப்பு. அதனால பக்கத்துல உட்கார்ந்து அவங்க வேலை செய்யறதைப் பார்க்கற பாக்கியம் உண்டு. ஒரே ஃபைல்ல பத்து மாடி பிளானும் வரிசையா கிடக்கும். மூணாவது மாடிப் படிக்கட்டுல இருந்து ஏழாவது மாடிப் படிக்கட்டுக்குப் போக உருட்டு, இழு, உருட்டு, இழு... அவங்களுக்குக் கை வலிக்குதோ இல்லையோ, எனக்குக் கண்ணு வலிக்கும் :)

இத்தனைக்கும் எல்லாம் உள்ளேயே இருக்கு சாமி. கர்சர் இருக்கற இடத்தை வெச்சுத்தான் படம் பெருசாகும். அதனால போக வேண்டிய இடத்துல கர்சரை வெச்சுட்டு உருட்டினாலே பாதி இழுவை மிச்சம். வீலை டபுள் கிளிக் பண்ணா முழுப் படமும் திரைக்குள்ள வந்துடும். இஸட், என்டர், பி, என்டர் அடிச்சா முந்தின பார்வை. இப்படியே பத்து பார்வை வரைக்கும் பின்னாடி போகலாம். வீல் ஆமை வேகமா? ஸூம்ஃபேக்டர்ல இருக்கற 60-ஐ 100 ஆக்கிப் பாருங்க. வீலை அமுக்கி இழுத்தா படம் நகரலையா? எம்பட்டன்பேன் மதிப்பை 1 ஆக்குங்க.

எல்லாத்தையும் விட உருப்படியானது வியூ கட்டளை. "ஏழாம் மாடி படிக்கட்டு"ன்னு பேர் வெச்சு சேமிச்சா, அடுத்த தடவை நேரா அங்க போய் இறங்கலாம். அது ஃபைலோடயே இருக்கறதால நாளைக்கு வேற ஒருத்தர் திறந்தாலும் உதவும்.

"நாலு செகண்ட் மிச்சம் பண்ணி என்னய்யா கோட்டை கட்டப் போறே?"ன்னு கேட்கலாம். விஷயம் செகண்ட்ல இல்லைங்க. ஒரு இடத்துக்குப் போறது தொல்லையா இருந்தா மனுஷன் அங்க அடிக்கடி போக மாட்டான். மேல் மாடித் தூணும் கீழ் மாடித் தூணும் நேர்ல இருக்கான்னு ரெண்டாவது தடவை பார்க்க வேண்டியவர், "சரியாத்தான் இருக்கும்"னு விட்டுடுவார். திரையில விட்டது சைட்ல கான்கிரீட்டா நிக்கும். அதுக்கு அன்டூ கிடையாது.

1963-ல இவான் சதர்லேண்ட் செஞ்ச ஸ்கெட்ச்பேட்லயே படத்தைப் பெருக்கிப் பார்க்கற வசதி இருந்தது. வரையறதும் பார்க்கறதும் ஒண்ணாப் பொறந்தவைதான். நாமதான் ஒண்ணை மட்டும் பாடத்துல வெச்சுட்டு இன்னொண்ணைத் தெருவுல விட்டுட்டோம்.

புதுசா சேர்ற பையன் மெதுவா இருந்தா "ஸ்லோ"ன்னு முத்திரை குத்தறதுக்கும், புது கிராஃபிக்ஸ் கார்டு வாங்கறதுக்கும் முன்னாடி, அரை மணி நேரம் பக்கத்துல உட்கார்ந்து இந்த நாலைஞ்சு விஷயத்தைச் சொல்லிக்குடுங்க. செலவு ரெண்டு டீ, அவ்வளவுதான்.