மார்க்கக் கல்வி வெட்டவெளிக்கும் வரட்டும்

கோடை விடுமுறையில் மத்ரஸா மாணவர்களை மூன்று நாள் மலையடிவார முகாமுக்கு அழைத்துச் செல்லலாம் என்று பேச்செடுத்தால், ‘ஓத வேண்டிய பிள்ளைகளுக்கு ஊர்சுற்றல் எதற்கு?’ என்ற கேள்வியே முதலில் எழுகிறது. இக்கேள்வியின் அடிப்படையையே நாம் மறுக்கிறோம். முகாமும் ஓதலின் ஒரு பகுதிதான்.

அஸ்ர் நேரத்தின் சட்டத்தைப் பிள்ளைகள் தவறின்றி ஒப்பிக்கிறார்கள். நேரம் அறியவோ கைப்பேசியைத்தான் பார்க்கிறார்கள். குச்சி ஒன்றை நட்டு நிழலைத் தானே அளந்த மாணவனுக்கு, நண்பகல் நிழல் போக ஒரு மடங்கு என்னும் ஷாஃபிஈ சட்டமும், இரு மடங்கு என்னும் ஹனஃபி சட்டமும் ஆயுளுக்கும் மறக்காது. ஒரு குடம் நீரில் பத்துப் பேர் ஒளூச் செய்ய நேரும்போதே, ஒரு முத்து அளவு நீரில் ஒளூச் செய்த நபி (ஸல்) அவர்களின் சிக்கனம் விளங்கும். பயணத்தில் மூவர் இருந்தால் ஒருவரைத் தலைவராக்கப் பணித்ததன் பொருள், கூடாரம் அமைக்கப் பணி பகிர்பவனுக்கே புரியும். நபிமார்கள் அனைவரும் ஆடு மேய்த்தவர்கள் என்ற புகாரியின் செய்தியை நாம் வெறும் தகவலாகவா கடந்து செல்வது?

1941இல் வேல்ஸின் அபர்டோவியில் கல்வியாளர் குர்ட் ஹானும் கப்பல் அதிபர் லாரன்ஸ் ஹோல்ட்டும் ‘அவுட்வர்ட் பவுண்ட்’ பள்ளியைத் தொடங்கினர். போரில் கப்பல்கள் மூழ்கியபோது, வலுமிக்க இளம் மாலுமிகளைவிட அனுபவம் மிக்க மூத்தவர்களே தாக்குப்பிடித்தனர் என்ற ஹோல்ட்டின் கவலையே அதற்கு வித்து. ஒரு தேர்வில் தோற்றாலே நொறுங்கிப்போகும் நம் பிள்ளைகளைப் பார்க்கையில், அந்தக் கவலை நமக்கும் உரியதன்றோ?

ஆபத்து என்பார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டே தவக்குல் வைக்கக் கற்றவர்கள் நாம். முதலுதவி அறிந்தோர், போதிய பொறுப்பாளர்கள், பெற்றோரின் ஒப்புதல் ஆகியவை இன்றி எவரையும் அழைத்துச் செல்ல வேண்டியதில்லை. பெண்பிள்ளைகளுக்கு எதற்கு என்பார்கள். பயணத்தின்போது அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் நபி (ஸல்) அவர்கள் ஓட்டப்பந்தயம் ஓடியது அபூதாவூதில் பதிவாகியுள்ளது. ஆசிரியைகளின் பொறுப்பில், மார்க்க வரம்புகளைப் பேணி, அவர்களுக்குத் தனி முகாம் நடத்தத் தடை என்ன?

ஜமாஅத் நிர்வாகிகளே! ஆண்டுவிழாப் பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் செலவிடுவதில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்குங்கள். பெற்றோர்களே! பிள்ளைகளின் கையிலிருந்து கைப்பேசியை வாங்கினால் மட்டும் போதாது. அதற்கு ஈடாக வானத்தையும் பூமியையும் அவர்களுக்குக் காட்டுங்கள். அவற்றைச் சிந்தித்துப் பார்க்கும்படி குர்ஆன் நம்மைத் திரும்பத் திரும்ப அழைக்கிறது. அவ்வழைப்புக்குச் செவிசாய்க்கும் தலைமுறையாக நம் மக்களை வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக. ஆமீன்.