கண்ணை வைத்துப் பார்ப்பதா? கையை நீட்டிப் பார்ப்பதா?

எங்கள் வீட்டில் ஒரு மாதமாக ஒரு வழக்கு நடக்கிறது. வாதி, என் மகள். பிரதிவாதி, என் மைத்துனர். நீதிபதி நான். வழக்குக்குக் காரணம் ஒரு காமிரா!

மகள் வேலைக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. மாதா மாதம் சம்பளத்தில் கொஞ்சம் எடுத்து வைக்கிறாள். "காமிரா வாங்கப் போகிறேன், அப்பா" என்கிறாள்.

சாதாரணக் காமிரா அல்ல. பார்வைக்கு அது 1960-ம் ஆண்டுக் காமிரா மாதிரி இருக்கும். வெள்ளிப் பூச்சு, கறுப்புத் தோல், தலையில் திருகுகிற வட்டுகள். ஆனால் உள்ளே பிலிம் கிடையாது. எல்லாம் இந்தக் காலத்து டிஜிட்டல் வேலை. முகம் பழசு, மூளை புதுசு!

அதில் கண்ணை வைத்துப் பார்க்க ஒரு சின்ன ஜன்னல் இருக்கிறது. அதற்கு வியூபைண்டர் என்று பெயர். அந்த ஜன்னலுக்காகத்தான் மகள் ஆசைப்படுகிறாள்.

மைத்துனர் விடுவாரா? "கண்ணு, கையில் போன் இருக்கிறது. அதில் உள்ளங்கை அகலத்துக்குத் திரை இருக்கிறது. தாராளமாகப் பார்த்து எடுக்கலாம். சாவித் துவாரம் மாதிரி ஒரு ஓட்டையில் கண்ணை வைக்க லட்ச ரூபாய்க்கு மேல் கொடுப்பாயா?" என்று கேட்கிறார்.

"மாமா, திரையில் தெரிவது வேறு, ஜன்னலில் தெரிவது வேறு" என்கிறாள் மகள்.

யார் சொல்வது சரி?

திரை வந்த கதை

அந்தக் காலத்துக் காமிராக்களில் திரை ஏது? படம் சரியாக விழுந்ததா, இல்லையா என்பது பிலிமைக் கழுவிய பிறகுதான் தெரியும்.

1975-ம் ஆண்டு அமெரிக்காவில் கோடாக் கம்பெனியில் ஸ்டீவன் சாசன் என்ற இளம் என்ஜினீயர், பிலிம் இல்லாத காமிரா ஒன்றைச் செய்தார். ஒரு படத்தை நாடாவில் பதிய அதற்கு 23 விநாடி பிடித்தது. படத்தைப் பார்க்கத் தனியாக ஒரு டெலிவிஷன் பெட்டி வேண்டியிருந்தது.

இருபது வருஷம் கழித்து, 1995-ல், ஜப்பான் நாட்டு காசியோ கம்பெனி 'க்யூ.வி.10' என்ற சிறு காமிராவை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதன் முதுகில் 1.8 அங்குல வண்ணத் திரை இருந்தது. எடுக்கும்போதே பார்க்கலாம். எடுத்த உடனேயும் பார்க்கலாம். ஜனங்கள் வியந்து போனார்கள்.

பிறகு திரை வளர்ந்தது. ஜன்னல் சிறுத்தது. பல காமிராக்களில் ஜன்னலே இல்லாமல் போயிற்று. போன் வந்ததும் திரைக்குத்தான் முழு ராஜ்யம்!

2009-ம் ஆண்டு ஜூன் மாதம் ஒலிம்பஸ் கம்பெனி 'பென் ஈ.பி.1' என்ற காமிராவை வெளியிட்டது. 1959-ல் வந்த தன்னுடைய பழைய 'பென்' காமிராவின் சாயலில் அதைச் செய்திருந்தது. அழகு கண்ணைப் பறித்தது. ஆனால் உடம்பில் வியூபைண்டர் இல்லை! வேண்டுமானால் தலையில் தனியாக ஒன்றைச் செருகிக்கொள்ள வேண்டும். "பழைய முகம் கொடுத்தீர்களே, கண்ணைக் கொடுக்கவில்லையே!" என்று ரசிகர்கள் குறைப்பட்டார்கள்.

ஆறு மாதம் காத்திருந்தார்கள்!

இந்தச் சமயத்தில்தான் அந்தச் செய்தி வந்தது.

ஜெர்மனியில் கொலோன் என்று ஒரு நகரம் இருக்கிறது. அங்கே 2018-ம் ஆண்டு வரை 'போட்டோகினா' என்ற பெரிய காமிராக் கண்காட்சி நடந்து வந்தது. 2010-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் அந்தக் கண்காட்சியில் ஜப்பானின் புஜிபிலிம் கம்பெனி ஒரு காமிராவைக் காட்டியது. பெயர் 'எக்ஸ் 100'.

காட்டியதோடு சரி, உடனே விற்கவில்லை. 2011 மார்ச்சு மாதம்தான் கடைக்கு வந்தது. இந்த ஆறு மாதமும் உலகம் முழுவதும் காமிராப் பிரியர்கள் அதே பேச்சாக இருந்தார்கள். கையில் தொட்டே பார்க்காத காமிராவுக்காகத் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டார்கள்!

வந்த வேகத்தில் ஒரு சோதனை. மார்ச்சு 11-ந் தேதி ஜப்பானில் கடும் பூகம்பமும் கடல் கொந்தளிப்பும் ஏற்பட்டன. அந்தக் காமிரா தயாரான தொழிற்சாலை, பாதிக்கப்பட்ட மியாகி மாநிலத்தில் இருந்தது. வேலை நின்றது. பிறகு மீண்டும் தொடங்கியது. காத்திருந்தவர்கள் மேலும் காத்திருந்தார்கள்.

அப்படி அதில் என்ன விசேஷம்?

ஒரே ஜன்னலில் இரண்டு காட்சி

இரவு நேரத்தில் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பாருங்கள். கண்ணாடி வழியாக வெளியே தெரு தெரியும். அதே கண்ணாடியில் பஸ்ஸுக்குள் எரியும் விளக்கும் தெரியும். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கும்.

'எக்ஸ் 100' ஜன்னலும் ஏறக்குறைய அப்படித்தான். கண்ணாடி வழியாக எதிரே உள்ள நிஜக் காட்சி தெரியும். உள்ளே ஒரு சின்னஞ்சிறு மின்திரை இருக்கிறது. படத்தின் எல்லைக் கோடும் எண்களும் அதிலிருந்து அந்தக் காட்சியின் மேல் விழும். முன்புறம் விரலுக்கு எட்டுகிற ஒரு விசையைத் தள்ளினால் நிஜக் காட்சி மறையும். அதே ஜன்னலில் மின்திரைப் படம் முழுதாகத் தெரியும்.

எதற்காக இரண்டு?

ஒரு கண்ணை மூடிக்கொண்டு உங்கள் விரலைப் பாருங்கள். பிறகு அந்தக் கண்ணைத் திறந்து மற்றக் கண்ணை மூடுங்கள். விரல் இடம் மாறினாற்போல் தோன்றும். காமிராவிலும் இதே கதைதான். லென்ஸ் ஒரு இடம், ஜன்னல் ஒரு இடம். தூரத்து மலையை எடுத்தால் வித்தியாசம் தெரியாது. கைக்கு எட்டும் தூரத்தில் பூவை எடுத்தால், நீங்கள் பார்த்தது ஒன்று, விழுந்தது ஒன்று என்று ஆகிவிடும். அப்போது மின்திரையைப் பார்க்க வேண்டும். லென்ஸ் பார்ப்பதையே அது காட்டும்.

கண்ணாடியில் பார்ப்பதற்கும் ஒரு லாபம் உண்டு. படத்தின் எல்லைக்கு வெளியே இருப்பதும் தெரியும். ஒரு பையன் ஓடி வருகிறான் என்றால், அவன் படத்துக்குள் நுழையும் முன்பே பார்த்துவிடலாம். விரல் தயாராகிவிடும்.

இரு தரப்பு நியாயம்

முதலில் மகள் கட்சியைச் சொல்லுகிறேன்.

உச்சி வெயிலில் போனை எடுத்துத் தெருவில் நின்று பாருங்கள். திரையில் உங்கள் முகம்தான் தெரியும்! ஜன்னலில் கண்ணை வைத்தால் வெயில் தொல்லை குறையும்.

கையை நீட்டிப் பிடித்தால் கை ஆடும். காமிராவை முகத்தோடு சேர்த்துப் பிடித்தால் இரண்டு கையும் நெற்றியும் தாங்கும். ஆட்டம் குறையும்.

நாற்பத்தைந்து வயதுக்கு மேல் பலருக்கு வெள்ளெழுத்து வந்துவிடுகிறது. கண்ணாடி போடாவிட்டால் திரை மங்கல்தான். நல்ல வியூபைண்டரின் ஓரத்தில் ஒரு சிறு சக்கரம் இருக்கும். அதைத் திருப்பி நம் கண்ணுக்கு ஏற்றபடி தெளிவாக்கிக்கொள்ளலாம். வயதானவர்களுக்கு இது பெரிய உதவி.

இனி மைத்துனர் கட்சி.

தவழும் குழந்தையை எடுக்க வேண்டுமா? ஜன்னலில் கண்ணை வைக்க நீங்கள் தரையில் படுக்க வேண்டும். சாய்க்கிற திரை இருந்தால் குனிந்தால் போதும். கூட்டத்தில் தலைக்கு மேல் தூக்கி எடுக்கவும் திரைதான் கை கொடுக்கும்.

இன்னொன்றும் சொல்லுகிறார்: "கண்ணில் காமிராவை வைத்தால் எடுப்பவன் முகம் மறைந்துவிடுகிறது. குழந்தை யாரைப் பார்த்துச் சிரிக்கும்?"

இதற்கு மகளால் பதில் சொல்ல முடியவில்லை. உண்மைதானே!

திரையில் பார்த்து எடுப்பது கெட்டுப்போன காலத்துப் பழக்கம் என்று சில பெரியவர்கள் சொல்லுவார்கள். அதுவும் தவறு. 1929-ல் ஜெர்மனியில் வந்த ரோலிபிளெக்ஸ் காமிராவை இடுப்பு உயரத்தில் பிடித்து, மேலே உள்ள கண்ணாடித் தகட்டில் குனிந்து பார்த்துத்தான் எடுத்தார்கள். இடம் வலம் மாறித் தெரியும்! அதையும் வைத்துக்கொண்டு அருமையான படங்கள் எடுத்தார்கள். ஆகவே குற்றம் திரையின் மேல் இல்லை.

பிறகு எதன் மேல்?

நீதிபதியின் குற்றம்

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்.

என் தகப்பனாருக்கு எண்பதாம் கல்யாணம் செய்தோம். படம் எடுக்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். கையில் டிஜிட்டல் காமிரா. திரையைப் பார்த்துப் பார்த்து எடுத்தேன். அப்பா தாலி கட்டியதை எடுத்தேன். எடுத்ததும் தலையைக் குனிந்தேன். படம் நன்றாக விழுந்திருக்கிறதா என்று திரையில் பார்த்தேன். பெரிதாக்கியும் பார்த்தேன்.

நான் நிமிர்ந்தபோது எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் தலையில் விழுந்திருந்த அட்சதையை அப்பா ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாராம். அறுபது வருஷத்தில் பிறர் பார்க்க அவர் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை என்று அத்தை சொன்னார்.

அது என் படத்தில் இல்லை. என் கண்ணிலும் இல்லை.

அடுத்த வருஷம் அம்மா போய்விட்டார்.

வியூபைண்டர் இருந்திருந்தால் கட்டாயம் எடுத்திருப்பேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கண் அங்கேயே இருந்திருக்கும். எடுக்கத் தவறியிருந்தாலும் பார்த்திருப்பேன்.

திரையில் பார்த்து எடுப்பது தவறில்லை. எடுத்ததை அப்போதே பார்க்கத் துடிக்கிறோமே, அதுதான் தவறு. நடப்பதை விட்டுவிட்டு நடந்ததைப் பார்க்கிறோம்.

திரையை எடுத்துவிட்டால்?

இந்த ஆசையைத் தடுக்கக் காமிராக் கம்பெனிகளும் வழி தேடியிருக்கின்றன. 2004-ல் எப்சன் கம்பெனி வெளியிட்ட 'ஆர்.டி.1' காமிராவில் திரையை உள்பக்கமாகத் திருப்பி மூடிவிடலாம். 2016-ல் ஜெர்மனியின் லைக்கா கம்பெனி 'எம்.டி.' என்று ஒரு டிஜிட்டல் காமிராவை வெளியிட்டது. அதில் திரையே கிடையாது! விலை ஏறக்குறைய 6,000 டாலர்.

இல்லாத திரைக்கு இத்தனை விலையா? நமக்கு அது வேண்டாம். நம்முடைய அடக்கத்தை நாமே வைத்துக்கொள்ளலாம். எடுத்த படத்தை உடனே திரையில் காட்டாமலிருக்கச் செய்யும் வசதி பல டிஜிட்டல் காமிராக்களில் உண்டு. அதற்குக் காலணா செலவில்லை.

புஜிபிலிம் கம்பெனியோ இரண்டையும் வைத்துக்கொண்டது. 2024 பிப்ரவரியில் அறிவித்த ஆறாவது காமிரா 'எக்ஸ் 100 ஆறு'. அதிலும் அதே இரட்டை ஜன்னல். கூடவே சாய்க்கும் திரை. அமெரிக்காவில் அப்போது விலை 1,599 டாலர். கம்பெனி தோன்றிய 1934-ம் ஆண்டை நினைத்து 1,934 விசேஷக் காமிராக்களும் செய்தார்கள். இதற்கும் ஜனங்கள் போட்டி போட்டார்கள்.

தீர்ப்பு

இனித் தீர்ப்பு.

பழைய முகத்துக்காக மட்டும் பணம் கொடுக்காதீர்கள். வெள்ளிப் பூச்சு நல்ல படம் எடுக்காது. ஆனால் அந்த வட்டுகளில் ஒரு பயன் உண்டு. காமிராவை அணைத்து வைத்திருக்கும்போதே எந்த எண்ணில் நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். கற்றுக்கொள்ளுகிறவர்களுக்கு அது நல்ல வாத்தியார்.

வியூபைண்டர் வேண்டுமா? வேண்டும் என்பதே என் கட்சி. மனிதர்களை எடுக்கும்போது கண் ஜன்னலில் இருக்கட்டும். தரையில் தவழும் குழந்தைக்கும், கூட்டத்துக்கும், பூவுக்கும் திரை இருக்கட்டும். இரண்டும் உள்ள காமிராவே குடும்பத்துக்கு ஏற்றது. குழந்தை சிரிக்க வேண்டுமானால் காமிராவைக் கீழே இறக்கி முதலில் நீங்கள் சிரியுங்கள். பிறகு எடுங்கள்.

கடன் வாங்கிக் காமிரா வாங்கக் கூடாது. சேர்த்து வாங்குங்கள். வாங்குமுன் கடையில் கையில் எடுத்துப் பாருங்கள். மூக்குக் கண்ணாடி போடுகிறவர்கள் அதைப் போட்டபடியே ஜன்னலில் பாருங்கள். நாலு மூலையும் தெரிகிறதா? தெரியாவிட்டால் அது உங்கள் காமிரா அல்ல.

காசில்லாதவர்கள் வருந்த வேண்டாம். போனிலேயே எடுங்கள். ஒரே ஒரு விரதம் மட்டும் இருங்கள். விசேஷம் முடிகிற வரையில் எடுத்த படத்தைப் பார்க்காதீர்கள்.

இந்தத் தீர்ப்பைப் படித்துக் காட்டினேன். மைத்துனர், "பாதி ஜெயம் எனக்கு" என்றார்.

மகள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அப்பா, அன்றைக்குத் தாத்தா அட்சதையை எடுத்ததை நான் பார்த்தேன். நீங்கள் தலை குனிந்து நின்றதையும் பார்த்தேன். அதனால்தான் ஜன்னல் உள்ள காமிரா கேட்டேன்" என்றாள்.

இன்னும் சில மாதச் சம்பளம் சேர வேண்டும். அவள் காத்திருக்கிறாள். நானும் காத்திருக்கிறேன். காமிரா வந்ததும் முதல் படம் யாரை எடுப்பது என்று முடிவு செய்துவிட்டோம். தாத்தா திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்.