மரபணுப் படத்தைத் திருப்பினால் உண்மை திரும்பிவிடுமா?

மரபணுத்தொகையைக் கணினியில் படமாக வரைவோரிடம் ஒரு கருத்து சட்டம்போல் நிலைத்துவிட்டது: இட எண்கள் எப்போதும் இடமிருந்து வலமாகவே ஏற வேண்டும், எதிர் இழையில் உள்ள மரபணுவுக்காகப் படத்தைத் திருப்புவது தரவைத் திரிப்பதாகும். இதை நான் ஏற்கவில்லை. அந்த இடப்பக்கத் தொடக்கம் எங்கிருந்து வந்தது என்று முதலில் கேட்க வேண்டும். குரோமோசோமின் குட்டைக் கையின் நுனியிலிருந்து எண்ணத் தொடங்குவது மனிதர் செய்துகொண்ட ஏற்பாடு. 1971இல் பாரிஸில் கூடிய மாநாடு குரோமோசோம் பட்டைகளுக்கு வகுத்த எண்களோ சென்ட்ரோமியரிலிருந்து வெளிநோக்கி ஏறுகின்றன. அதனால் குட்டைக் கையில் பட்டை எண்ணும் இட எண்ணும் எதிரெதிராக ஓடுகின்றன. இரண்டையும் பிழை என்று யாரும் சொல்வதில்லை. அதே பாரிஸில், சென் நதிக்குக் குறுக்கான தெருக்களுக்கு 1805 முதல் நதிப்பக்க முனையிலிருந்து இலக்கமிடுகிறார்கள். நதியை விட்டு விலகி நடக்கையில் ஒற்றை எண்கள் இடப்பக்கம். லாச்சப்பல் பகுதியிலிருந்து ரூ பஜோல் தெருவில் ஏறி நடப்பவருக்கு 17ஆம் இலக்கத்து மாணிக்க விநாயகர் ஆலயம் இடக்கைப் பக்கம் வரும். வடக்கேயிருந்து இறங்கி வருபவருக்கு வலக்கைப் பக்கம் வரும். இலக்கங்களும் குறைந்துகொண்டே போகும். வழி கேட்பவருக்கு அவர் நடக்கும் திசையில்தானே சொல்கிறோம்?

மரபணுவுக்கும் நடக்கும் திசை உண்டு. பீட்டா குளோபின் மரபணு 11ஆம் குரோமோசோமின் எதிர் இழையில் இருக்கிறது. அதன் குடும்பத்தில் முதலில் கட்டுப்பாட்டுப் பகுதி, அடுத்து கருவின் தொடக்க வாரங்களில் இயங்கும் எப்சிலான், பிறகு கருப்பையில் சிசு வளரும் பருவத்துக் காமா இரண்டு, கடைசியில் டெல்டா, பீட்டா. உடல் வளரும் வரிசையிலேயே மரபணுக்கள் நிற்கின்றன. உயிரியலில் இப்படி அழகாக அமைவது அரிது. மாறா விதிப்படி வரைந்தாலோ கடைசியில் வரவேண்டிய பீட்டா இடக்கோடியில் நிற்கும், எல்லாவற்றையும் தூண்டும் பகுதி வலக்கோடியில் கிடக்கும். ஜீவிஸ் மென்பொருளில் ஒரே ஓர் அமைப்பை மாற்றினால் படம் திரும்பிவிடும்; சான்டா குரூஸ் பல்கலைக்கழகத்தின் மரபணு உலாவியில் அதற்கொரு பொத்தானே உண்டு.

மறுதரப்பின் வலுவான வாதம், திருப்பினால் எழுத்துகள் குழம்பும் என்பது. அந்த அச்சம் நியாயமானது. இந்தியாவில் முதலில் 1952இல் நீலகிரிப் பழங்குடியினரிடம் கண்டறியப்பட்ட அரிவாள் செல் நோயில், மரபணுவின் இழையில் அடினின் இருந்த இடத்தில் தைமின் வருகிறது. இட எண்கள் ஏறும் திசையில் படிக்கப்படும் முன்னிழையில் அதே மாற்றம் தைமின் அடினினாவதாகத் தெரியும். வெறுமனே ‘தைமின்’ என்று எழுதிவைத்தால் ஓர் இழையில் அது நலம், மற்றதில் நோய். இந்தியாவிலும் இலங்கையிலும் பரவலான தலசீமியா மாற்றத்திலும் இதே சிக்கல்: முதல் இன்ட்ரானின் 5ஆம் இடத்தில் குவானின் சைட்டோசினாகிறது, முன்னிழையில் சைட்டோசின் குவானினாகும். ஆனால் இந்த ஆபத்து திருப்பாத படத்திலும் அப்படியே இருக்கிறது. மருத்துவ அறிக்கை மரபணுவின் இழையில் எழுதப்படுகிறது, கணினிக் கோப்பு முன்னிழையில் இருக்கிறது. இழையைக் குறிப்பிடாதவரை எந்தத் திசையில் வரைந்தாலும் குழப்பம் தீராது. கண்ணாடியில் தெரிவதுபோல் உருவத்தை மட்டும் புரட்டுவதுதான் உண்மையான பிழை. எழுத்துகள் இணை எழுத்துகளாக மாற வேண்டும், அம்புகள் திரும்ப வேண்டும், அச்சின் எண்கள் இறங்க வேண்டும்.

எல்லாப் படமும் ஒரே திசையில் இருந்தால்தான் ஒப்பிட முடியும் என்பார்கள். முழுக் குரோமோசோமையோ, எதிரெதிர் இழைகளில் உள்ள அண்டை மரபணுக்களையோ காட்டும்போது அது சரி. அங்கே திருப்ப வேண்டாம். திருப்பக் கூடாத இன்னொரு படமும் உண்டு. 2007இல் பாரிஸில் தலசீமியா நோயாளி ஒருவருக்கு மரபணுச் சிகிச்சை தரப்பட்டது. அதற்கான லென்டிவைரஸில் குளோபின் மரபணுவைத் தலைகீழாகவே செருகினார்கள். நேராக வைத்தால் வைரஸின் ஆர்.என்.ஏ. உருவாகும்போது இன்ட்ரான்கள் வெட்டப்பட்டுப் போய்விடும். அந்தப் படம் வைரஸின் திசையிலேயே நிற்க வேண்டும், மரபணுவின் அம்பு இடப்பக்கம் பார்க்க வேண்டும். ஏனெனில் அங்கே கேள்வி வைரஸைப் பற்றியது. பீட்டா குளோபினைப் பற்றிய கேள்வி என்றால், அதன் தொடக்கமான 5′ முனையை இடப்பக்கம் வையுங்கள். எந்த இழை என்பதை அச்சின் மேலேயே எழுதுங்கள்.