ஆள் ஏன் நிற்பதில்லை?

"வேலைக்கு வருகிறவர்கள் நிலைப்பதில்லை" என்பது மார்த்தாண்டம் கடைவீதியில் முதலாளிமார் பாடும் பழைய பல்லவி. ஓணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் முன்பு ஜவுளிக் கடை வாசல்களில் "ஆட்கள் தேவை" என்ற பலகை ஏறுகிறது. பண்டிகை முடிவதற்குள் வந்தவர்களில் பலர் நின்றுவிடுகிறார்கள். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உடம்பு வளையாது" என்று முதலாளி தீர்ப்புக் கூறிவிடுகிறார். அந்தத் தீர்ப்பு நியாயந்தானா?

முதல் நாள் நடப்பதைப் பார்ப்போம். பிளஸ் டூ முடித்துவிட்டுக் குலசேகரத்திலிருந்தோ கருங்கலிலிருந்தோ பஸ் ஏறி வருகிற பெண்ணை, வந்த கையோடு கூட்டத்தின் முன்னால் நிறுத்திவிடுகிறார்கள். எந்தச் சேலை எந்த அலமாரியில் இருக்கிறது, சாயம் போகுமா என்று கேட்டால் என்ன சொல்வது, களியக்காவிளைக்கு அப்பாலிருந்து வருகிறவர் கசவுப் புடவை கேட்டால் எந்த ரகத்தை விரிப்பது - எதையும் சொல்லித் தருவாரில்லை. தெரியாமல் விழித்தால் நாலு பேர் முன்னிலையில் ஏச்சு. இரண்டாம் வாரம் அவள் வராமற் போனால் அதில் வியப்பென்ன?

பாடம் கற்க வெகுதூரம் போக வேண்டாம். 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ.யின் கிராமப் புனரமைப்பு நிலையத்தை நடத்திய டாக்டர் ஸ்பென்சர் ஹாட்ச், எந்தத் தொழிலையும் செய்து காட்டிக் கற்பிப்பதில் நம்பிக்கை கொண்டவர். அவ்விதம் இங்கே வேரூன்றியதுதான் தேனீ வளர்ப்பு. 1937-ல் தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கமும் தோன்றியது. புதிதாகப் பெட்டியில் விட்ட கூட்டத்தை நிழலில் வைத்து, சர்க்கரைப் பாகு கொடுத்து, சில நாட்கள் தொந்தரவு செய்யாமல் விட வேண்டும்; தவறினால் அது பெட்டியை விட்டு ஓடிவிடும் என்பது இவ்வூரில் தேனீ வளர்ப்போர் அறிந்த விஷயம். தேனீக்குக் காட்டும் பரிவை மனிதருக்குக் காட்டலாகாதா?

"பழக்கிவிட்டால் அடுத்த கடைக்காரர் கொத்திக்கொண்டு போவாரே" என்பது முதலாளிகளின் அச்சம். வாஸ்தவந்தான், சிலர் போகத்தான் செய்வார்கள். பழகாதவரும் போகத்தானே செய்கிறார்? போகுமுன் நாலு வாடிக்கைக்காரரையும் விரட்டிவிட்டல்லவா போகிறார்! சர்ட்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்வதும், முதல் மாதச் சம்பளத்தைப் பிடித்து வைப்பதும் ஆளைக் கட்டிப்போடலாம், மனத்தைக் கட்டிப்போடுமா?

செய்ய வேண்டியது மலையைப் புரட்டும் காரியமன்று. பண்டிகைக்கு ஒரு மாதம் முன்பே ஆள் எடுக்க வேண்டும். முதல் வாரம் சம்பளத்துடன் பயிற்சி. முதல் மாதம் அனுபவமுள்ள ஓர் அக்கா பக்கத்தில் துணை. சம்பளம், விடுமுறை, வேலை நேரம் எல்லாவற்றையும் முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சாதாரணமாக நாளொன்றுக்கு 8 மணி நேர வேலை என்பது 1947-ம் வருஷத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டம் வகுத்த அளவு. சிப்பந்திகள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழகச் சட்டமன்றம் அதைத் திருத்தியது.

உட்கார இடம் கொடுக்கிற கடையில்தான் ஆள் நிற்கும்!