ஜூம் லென்ஸின் குற்றமும் குவியத்தின் குற்றமும்

ஆராய்ச்சிச் சாலைகளிலும் பொருட்காட்சிச் சாலைகளிலும் புகைப்படம் வெறும் நினைவுப் பொருளன்று, அது சாட்சியம். உலர்ந்த தாவர மாதிரியின் இலைமீதுள்ள நுண்ணிய ரோமமும், சிதைந்துவரும் கல்வெட்டின் எழுத்தும் நாளை படத்தில் மட்டுமே எஞ்சக்கூடும். அத்தகைய படங்களை எடுக்கும் ஜூம் லென்ஸைச் சோதியாமல் உபயோகிப்பது, முத்திரை பெறாத தராசில் பொன் நிறுப்பதை ஒக்கும்.

35 மி.மீ. நிழற்படக் காமிராக்களுக்கென முதன்முதலாக வெளிவந்த ஜூம் லென்ஸ், 1959ஆம் ஆண்டின் ஃபாய்க்ட்லேண்டர் ஜூமார் ஆகும். அதன் குவியத் தூரம் 36 முதல் 82 மி.மீ. வரை மாறியது. அன்று முதல் இக்கருவி பெரிதும் திருந்தியுள்ளது. எனினும், குழலினுள் கண்ணாடித் தொகுதிகள் நகர்வதே இன்றும் அதன் அடிப்படை. அவற்றுள் ஒன்று சிறிதே மையம் விலகினும் படத்தின் ஒரு மூலை மங்கிவிடும். ஒரே மாதிரியைச் சேர்ந்த இரு லென்ஸ்களும் இதில் வேறுபடலாம். ஆகவே, பிறர் சோதித்த லென்ஸின் புகழ் நம் கையிலுள்ளதற்குச் சான்றாகாது.

சோதனைக்கு விலையுயர்ந்த சாதனங்கள் வேண்டியதில்லை. சமமான சுவரில் செய்தித்தாள் தாள்களை ஒட்டி, காமிராவை உறுதியான முக்காலியில் நிறுத்துக. சுவர்மீது ஒரு சிறு கண்ணாடியைப் பதித்து, லென்ஸின் பிம்பம் அதில் சட்டத்தின் நடுவே தெரியுமாறு செய்தால், காமிரா சுவருக்கு நேராக அமைந்துவிடும். பின்னர் 70–200 மி.மீ. லென்ஸாயின், 70, 135, 200 ஆகிய மூன்று நிலைகளிலும், எஃப் 2.8, 5.6, 8 ஆகிய துவாரங்களிலும் படமெடுக்கவேண்டும். ஒரு மூலை மட்டும் மங்கினால், காமிராவைத் தலைகீழாகத் திருப்பி, மீண்டும் நேராக்கி எடுத்துப் பார்க்கலாம். மங்கல் சட்டத்தின் அதே மூலையில் நின்றால் குற்றம் லென்ஸினுடையது. சுவரின் அதே பகுதியில் நின்றால், சுவரோ நம் அமைப்போ சரியில்லை.

குவியத்தைத் தனியே சோதித்தல் அவசியம். 200 மி.மீ. குவியத் தூரத்தில், எஃப் 2.8 துவாரத்தில், 3 மீட்டர் தொலைவிலுள்ள பொருளுக்கு, 0.03 மி.மீ. மங்கலைப் பொறுத்துக்கொண்டாலும், தெளிவின் ஆழம் ஏறத்தாழ 3½ செ.மீ. மட்டுமே. ஒவ்வொரு முறையும் குவியத்தைக் கலைத்து, தானியங்கி முறையில் பத்துப் படங்கள் எடுக்கவேண்டும். பின்னர், திரையில் பெரிதாக்கிப் பார்த்துக் கையால் குவியப்படுத்திய படத்தோடு அவற்றை ஒப்பிடவேண்டும். கையால் எடுத்ததே எப்போதும் தெளிவாயின் தானியங்கி பிழைபடுகிறது. இரண்டும் ஒருங்கே மங்கின், முக்காலி அசையவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, லென்ஸைக் குறை கூறலாம்.

பிழை எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்தால், பல காமிராக்களில் அதைத் திருத்த வசதியுண்டு. முன்னும் பின்னும் சிதறினால் அத்திருத்தம் பயன்படாது. 200 மி.மீ.க்குச் செய்த திருத்தம் 70 மி.மீ.க்குப் பொருந்தாமலும் போகலாம். கண்ணாடி மடிப்பில்லாத புதிய காமிராக்கள் பிம்பம் விழும் சென்சாரிலேயே குவியத்தை அளப்பதால், நிலையான பிழை அவற்றில் அரிது. அதனால் சோதனை வேண்டாமென்பது தவறு.

நம் ஸ்தாபனங்கள் ஒவ்வொரு லென்ஸுக்கும் ஒரு சோதனைப் பதிவேடு வைக்கவேண்டும். லென்ஸ் கீழே விழுந்தாலும் நெடும்பயணம் சென்று திரும்பினாலும் சோதனையைத் திரும்பச் செய்யவேண்டும். இதற்குச் செலவாவது ஒரு பிற்பகலே. அழிந்த கல்வெட்டை மறுபடி படமெடுக்க எத்தனை ஆண்டுகளும் போதா.